சிரித்த முகத்துப் பொத்தான்

மேசைக்கு மேலே சுவரில் ஒரு பலகை. அதில் கட்டிலுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். நோயாளி தலைமாட்டுப் பொத்தானை அமுக்கினால் இங்கே அவருடைய விளக்கு எரியும், கூடவே ஒரு மணி கிர்ரென்று கத்தும். ஆரணியில் அந்தத் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், பெரிய சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உட்காரவில்லை, நின்றுகொண்டுதான். ஒரு வாய் புளிசாதத்தை உருட்டி எடுத்த நேரம் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. அது அணைவதற்குள் இன்னொன்று, அப்புறம் வரிசையாக நாலைந்து. அவர் பலகையைப் பார்த்தார், கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாயத் தொற" என்றார். நான் திகைத்துப்போய் வாயைத் திறந்தேன். உருண்டையை என் வாயில் திணித்துவிட்டு, "நீயாவது துன்னு, வீணாப் போவக் கூடாது" என்று சொல்லியபடியே கையைக் கழுவப் போனார். டப்பா திறந்தபடியே சாயங்காலம் வரை கிடந்தது. அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு அதுதான். நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாகத்தான் வரும்.

பெரிய சிஸ்டர் என்றால் ஏதோ கிழவி என்று நினைக்க வேண்டாம். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. வார்டுக்கு அவர்தான் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். களம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். வீட்டுக்காரர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர்; சர்க்கரை வந்து, காலில் ஆறாத புண்ணோடு வீட்டில் இருந்தார். நான் படவேட்டுக்கு உள்ளே, மலையடிவாரத்துக் காலனிக்காரி. எங்கள் தெருவில் நர்ஸ் படிப்பு படித்த முதல் பெண் நான்தான். "கண்ணும் கருத்துமா இரு, யாரையும் எதிர்த்துப் பேசாத" என்று சொல்லித்தான் அம்மா பஸ் ஏற்றிவிட்டாள். எதிர்த்துப் பேசாமல் இருப்பது எனக்கு வராது, அது வேறு விஷயம்.

முதல் மாடியில் ஒரு பக்கம் ஆண்கள் வார்டு, மறுபக்கம் பெண்கள் வார்டு, நடுவில் எங்கள் மேசை. ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். ஒரு வார்டுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். நான் வருவதற்கு முன்னே ஒரு வார்டுக்கு மூன்று பேர் இருந்தார்களாம். ஒருத்தி கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள், ஒருத்தி வேலூருக்குப் போனாள், மற்றவர்கள் செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நர்ஸ் படிப்பு படித்துவிட்டுச் செருப்புக்குப் பசை தடவப் போவதா என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். ஏன் போக மாட்டார்கள்? கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். ஷிப்ட் முடிந்தால் மணி அடிக்கும், மணி அடித்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கு மணி அடித்தால் ஓட வேண்டும். போனவர்கள் இடத்துக்கு யாரையும் போடவில்லை. வார்டுக்கு இரண்டு ஆள் குறைவாகவே ஒரு மாதம் ஓடியது, ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு வருமுன் பட்டுப்புடவைக் கடை ஒன்றில் பல வருஷம் இருந்தவர். நோயாளிகளைக் கஸ்டமர் என்பார். வார்டுக்குள் வந்தால் கட்டில் கட்டிலாகக் கும்பிடு போடுவார், "சாப்டீங்களா? ஃபேன் காத்து வருதா?" என்று விசாரிப்பார். ஒருநாள் பெரிய சிஸ்டருக்குப் பாடம் எடுத்தார். "கடையில ஒரே சேல்ஸ்மேன் நாலு குடும்பத்துக்குப் புடவ காட்டுவான் சிஸ்டர். ஒருத்தர் மொகம் கோணாது. அதான் தெறம." எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "புடவைக்கு மூச்சுத் திணறாதுங்களே சார்" என்றேன். பெரிய சிஸ்டர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மேனேஜர் கோபப்படவில்லை, சிரித்துவிட்டுப் போனார். கோபப்படாதவர்களிடம் என்ன சண்டை போடுவது?

அவர்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். கீழே, வீட்டுக்குப் போகிறவர்கள் கணக்கு முடிக்கும் கவுன்டருக்குப் பக்கத்தில், இடுப்பு உயரக் கம்பியின் மேல் ஒரு பெட்டி. அதில் மூன்று பொத்தான்கள். பச்சையில் சிரித்த முகம், மஞ்சளில் சும்மா இருக்கும் முகம், சிவப்பில் அழுகிற முகம். 'எங்கள் நர்ஸ்களின் கவனிப்பு எப்படி இருந்தது?' என்று மேலே எழுதியிருக்கும். போகிறவர்கள் ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். மணி அடித்து எவ்வளவு நேரம் கழித்து ஆள் வந்தது, வந்த ஆள் எத்தனை பேரை விட்டுவிட்டு வந்தது என்றெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மூன்று முகம்.

சிரித்த முகமாகவே விழுந்துகொண்டிருந்தது. காரணம் பெரிய சிஸ்டரின் ஓட்டம். எங்களிடம் வந்து படுப்பவர்களில் பாதிப்பேர் தறிக்காரர்கள். முதுகு, முழங்கால், சர்க்கரை, காய்ச்சல். தறிக்காரக் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் கூடவே உட்கார்ந்திருக்க முடியாது. தறியில் புடவை ஏறியிருக்கும், நெய்து முடித்துக் கொடுத்தாக வேண்டும். "சிஸ்டரு, உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன். மொதலாளி புடவ கேட்டுகினு கீறாரு" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். ஆக, ஊசி மருந்து மட்டும் இல்லை. கஞ்சி ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவது, திருப்பிப் படுக்க வைப்பது, போர்வை நழுவினால் எடுத்துப் போடுவது எல்லாம் எங்கள் தலையில்தான். பெரிய சிஸ்டர் அத்தனையும் செய்தார். சும்மா செய்யவில்லை, ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை வம்பிழுத்துவிட்டுச் செய்தார். ஊசிக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்ளும் ஒரு தடியனிடம், "நாள் பூரா ஊசி மாதிரி நூலப் பாத்துகினு கெடக்கற, இதுக்குப் பயப்படற?" என்பார். வார்டே சிரிக்கும். அவர் மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய் நிற்கிறவர் என்பதால் பலர் மணியே அடிக்க மாட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்கு அவர் என்ன கொடுத்தார் என்பது எனக்குத்தான் தெரியும். காலையில் பஸ் இறங்கி வந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும். பாத்ரூம்ல இருக்கும்போது எவனுக்காவது மூச்சு முட்டினா?" என்பார். முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து நீலமாகச் சுருண்டிருக்கும். வெள்ளைப் பேன்ட்டுக்குள் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நடப்பார். ஊரில் உள்ள புண்ணுக்கெல்லாம் பகலில் கட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் களைத்துப்போன கையால் வீட்டுக்காரர் காலுக்கும் கட்டுப் போட வேண்டும். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் வரும். எதற்கு இப்படி ஓடுகிறார், ஓடாமல் இருந்தால்தானே ஆள் போடுவார்கள் என்று மனசுக்குள் பொருமுவேன். ஆனால் என் பக்கத்து மணி அடித்தால் நானும் ஓடத்தான் செய்தேன்.

அப்போதுதான் அவருக்கு அரசு வேலைக்கு ஆர்டர் வந்தது. எப்போதோ பரீட்சை எழுதியிருந்தார், அதை மறந்தேவிட்டிருந்தார். களம்பூருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். என்னை மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, "உக்காந்து சோறு துன்னப் போறேன்டி" என்றார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஒரிஜினல்கள் மேனேஜர் அறை பீரோவில் இருந்தன. எங்கள் எல்லாருடையதும் அங்கேதான். வேலையில் சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்திரமாக இருக்கும் என்பார்கள். பத்திரமாகத்தான் இருந்தன.

மேனேஜரிடம் அவர் போய்க் கேட்டபோது நானும் கூட நின்றேன். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். கவர்மென்ட்டு வேல, வுடவே கூடாது. உங்க எடத்துக்கு ஒரு ஆளு வந்துட்டா, அன்னிக்கே சர்டிபிகேட்ட நானே கையில குடுக்கறேன்."

"ஆளு வரணுமே சார்" என்றார் பெரிய சிஸ்டர். "வந்து பாக்கற பொண்ணுங்க, வார்டுக்கு ஒத்த ஆளுன்னதும் அப்டியே திரும்பிப் போவுதுங்க. ரெண்டு பேருன்னு சொன்னாத்தான் யாராவது சேருவாங்க."

"கரெக்ட்டு. நானும் பெரிய டாக்டர்கிட்ட அதான் சொன்னேன். அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? ஒத்த ஆள வெச்சே எல்லாம் சிரிச்ச மூஞ்சியா வுழுது, ரெண்டாவது ஆளு எதுக்குன்றாரு. கஸ்டமருங்க குறை சொல்லியிருந்தா அத எடுத்துகினு போயி நான் வாதாடலாம். நீங்களே சொல்லுங்க, எத வெச்சி வாதாடறது?"

உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்; ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது, முடிவும் அவருடையது. நாங்கள் இருவரும் படியேறி வந்தோம். பாதிப் படியில் பெரிய சிஸ்டர் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் நன்றாக வேலை செய்தார். அதனால் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததனால் ஆள் வராது. ஆள் வராததனால் அவர் போக முடியாது. நாலு பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது, கதவு மட்டும் இல்லை. "அப்ப நான் கெட்ட பேரு எடுத்தாத்தான் வெளிய போவ முடியும்" என்றார்.

மறுநாள் காலை மேசையருகே வந்து மெல்லிய குரலில் சொன்னார். "இனிமே ஓட மாட்டேன்டி. நடப்பேன். ஊசி, மாத்திர, ட்ரிப்பு, ஆக்சிஜன், உயிர் போற வேல எதுவும் ஒரு நிமிஷம் தள்ளாது. மத்ததெல்லாம் வரிசையில வரட்டும். ஒரு ஆளு எவ்ளோ செய்ய முடியுமோ, அவ்ளோதான்." நானும் நடக்கிறேன் என்றேன். இதை ஒளித்து மறைத்துச் செய்யவும் இல்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய், "நான் ஒத்த ஆளுங்க, தாமசமாத்தான் வருவேன். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா போவும்போது கீழ செவப்ப அமுக்குங்க. அப்பத்தான் இன்னோர் ஆள் போடுவாங்க" என்று அவரே சொன்னார்.

அந்த நாட்கள் எவ்வளவு கொடுமை என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓடுவது பழகிவிட்ட காலுக்கு நடப்பது தண்டனை. பெரிய சிஸ்டர் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார், பின்னால் மணி கத்தும், அவர் தோள் தன்னால் அந்தப் பக்கம் திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நடப்பார். முதுகு பிடித்துக்கொண்டு அசைய முடியாமல் படுத்திருந்த ஒரு தறிக்காரப் பெரியவர் பெட்பேன் கேட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தார். பெரிய சிஸ்டர் போவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. பெரியவர் வெட்கத்தில் காட்டுக் கத்தல் கத்தினார். "எவ்ளோ நேரமா அடிச்சிகினு கீறேன்! இன்னா ஆஸ்பத்திரி இது? மனுசன் மானத்தோட படுக்க முடியல, ஒரே பேஜாரா கீது!" பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு துணியை மாற்றினார். "ஆமாங்க. தப்புதாங்க. மறக்காம செவப்ப அமுக்குங்க" என்றார். மருந்து அறைக்கு வந்ததும் சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். "ஓடறத வுட நடக்கறதுதான்டி வலிக்குது" என்றார். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை, கையுறை மாட்டியிருந்தார். நான்தான் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகிற நாளில் நான் வேண்டுமென்றே கீழே இறங்கிப் போனேன், ஒரு சிவப்பையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று. மகன் தாங்கிப் பிடிக்க, பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கி மூன்று முகத்தையும் பார்த்தார். பச்சையை அமுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, அன்னிக்கு அவ்ளோ கத்தினீங்களே! அப்புறம் எதுக்கு இத அமுக்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன். அவர் என்னை ஏதோ ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா, நெய்ஞ்ச பொடவையில குறை இருந்தா எவன் கூலிய அறுப்பாங்க? பட்டு நூலு குடுத்தவன் கூலியவா? நெய்ஞ்சவன் கூலியத்தான். நூலு மட்டமா இருந்ததுன்னு சொன்னா எவன் கேப்பான்? நாங்க செவப்ப அமுக்கினா அந்தப் பொண்ணு கூலியதான் அறுப்பாங்க. எங்களுக்குத் தெரியாதா? ஒத்த ஆளா கெடந்து சாவுது. அது வயித்துல நான் அடிப்பேனா?"

மகனும் தலையாட்டினான். வார்டு முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்திருக்கிறது. பெரிய சிஸ்டர் கட்டில் கட்டிலாகப் போய்க் கெஞ்சியதை அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். பாவம், யாரோ மேலே இருப்பவர்கள் அவரை மிரட்டிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், வேலையை விட்டு எடுக்கப் பார்க்கிறார்கள், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். பரம்பரையாகக் கூலி அறுபட்டவர்கள். குறை என்ற சொல் யார் தலையில் போய் விடியும் என்று அவர்கள் பட்டுப் பட்டுத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதில் பொய்யும் இல்லை. வார்டில் படுத்திருந்தவர்களின் சொந்தக்காரர்கள், பார்க்க வந்தவர்கள்கூடப் போகிற போக்கில் பச்சையை அமுக்கிவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் அவ்வப்போது விழுந்துகொண்டிருந்த மஞ்சள்கூட அந்த வாரம் விழவில்லை.

மேனேஜர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "சிஸ்டர், ஆஸ்பத்திரி தொறந்ததுல இருந்து இப்டி ஒரு வாரம் இல்ல! பெரிய டாக்டரே அசந்துட்டாரு" என்றார். கீழே வரவேற்பறையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து, பெரிய டாக்டர் கையால் பெரிய சிஸ்டருக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தார்கள். ஆள் கேட்டவருக்குப் புடவை. நல்ல மெல்லிய புடவை, மாம்பழ நிறம், நான் தொட்டுப் பார்த்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் பெரிய சிஸ்டர் அங்கேயே, எல்லார் முன்னாலும், "என் சர்டிபிகேட்டக் குடுத்துடுங்க சார்" என்றார். பெரிய டாக்டர் சிரித்தார். "உன்ன வுட்டா எங்களுக்கு யாரும்மா இருக்காங்க? ஆள் வரட்டும், பாக்கலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், சான்றிதழைப் பிடித்து வைக்க இவர்கள் யார் என்று நான் குதித்தேன். பெரிய சிஸ்டர் என்னை ஆழமாகப் பார்த்தார். வீட்டுக்காரர் காலுக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம், ஸ்டாஃப் என்பதால் காசு வாங்காமல். "கால வெட்டாம வெச்சிகினு கீறாங்கடி, அவங்க மேல கேஸ் குடுக்கச் சொல்றியா?" என்றார். மாதக் கடைசி வந்தது, போனது. அந்த வேலை வேறு யாருக்கோ போயிருக்கும். மறுநாள் காலை பெரிய சிஸ்டர் பஸ் இறங்கி வந்தார், தலைமுடியை முடிந்துகொண்டார், முதல் மணி அடித்ததும் ஓடினார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்ததைப்போல் வேறெதற்கும் வந்ததில்லை.

அதற்கப்புறமும் சில வருஷம் ஓடினார். இடையில் வந்த பெண்கள் ஒரு வாரம், ஒரு மாதம் என்று இருந்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் காலை முழங்காலுக்குக் கீழே கடைசியில் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள வேறு வழியில்லாமல், தன் கால் நரம்பும் வெடித்த பிறகு, பெரிய சிஸ்டர் வேலையை விட்டார். அப்போது மட்டும், ஆள் வந்தால்தான் விடுவோம் என்று யாரும் சொல்லவில்லை. மாலை போட்டு, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மரியாதையாகக் கொடுத்தார்கள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இத வெச்சி இனிமே இன்னாடி பண்றது, ஃபிரேம் போடலாமா?" என்று என் காதில் கேட்டார்.

இப்போது என்னைத்தான் பெரிய சிஸ்டர் என்கிறார்கள். என் ஒரிஜினல்களும் அதே பீரோவில் இருக்கின்றன. கட்டில்கள் கூடியிருக்கின்றன, தளத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், குளிர்சாதன அறை இரண்டு வந்திருக்கிறது. வார்டுக்கு ஒரு ஆள்தான். ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. படவேட்டுக்கு ராத்திரி பஸ் இந்த ஊரிலிருந்துதான் பிடிக்க முடியும், அம்மாவுக்கு மாத்திரை இங்கேதான் கிடைக்கிறது, நல்ல பெயர் வாங்கிவிட்டேன். நல்ல பெயர்தான் எல்லாவற்றையும்விட இறுக்குகிறது. தெருவில் போனால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், கோயிலில் வழிவிடுகிறார்கள், "தங்கமான சிஸ்டர்" என்கிறார்கள். எனக்குச் சில நாள் ஓவென்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் கத்த நேரம் வேண்டுமே.

போன மாதம் பெரிய சிஸ்டர் எங்களிடம் நோயாளியாக வந்தார். டைபாய்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தார். பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டில். நான் விழுந்து விழுந்து கவனிப்பேன் என்று நினைத்திருந்தேன். எங்கே? காலையில் ஒரு முறை நெற்றியில் கை வைத்துப் பார்த்தால், அப்புறம் அந்தப் பக்கம் போகவே பொழுது இருக்காது. ஓடிக்கொண்டே கையை ஆட்டுவேன், அவரும் படுத்தபடி கையை ஆட்டுவார். ஒருநாள் ட்ரிப் தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. நான் மூலையில் வலிப்பு வந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதறி ஓடி வந்தபோது அவரே குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகி மூடியிருந்தார். "நான் பாத்துகினேன், நீ அந்தப் பொண்ணப் பாரு" என்றார்.

அதற்கு மறுநாள் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. பாத்ரூம் போக மணி அடித்திருக்கிறார். காய்ச்சலில் தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார், அது அவருக்கே தெரியும். பலகையில் அவர் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, மற்ற விளக்குகளோடு சேர்ந்து. நான் போனபோது நனைந்த படுக்கையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். எத்தனை பேருக்கு முகம் சுளிக்காமல் துணி மாற்றிய கை அது. நான் அழுதுகொண்டே மாற்றினேன். "அக்கா, மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். "பெல்ல அடிச்சிட்டு, வருவாங்க வருவாங்கன்னு காத்துகினு கெடக்கறது எப்டி இருக்கும்னு இப்பத்தான்டி தெரியுது. இத்தினி வருசம் நான் அந்தப் பக்கமே இருந்துட்டேன்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த தறிக்கார அம்மா, பார்க்காததுபோல் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார்.

அவர்கள் இருவரும் ஒரே நாளில்தான் வீட்டுக்குப் போனார்கள். நான் எப்படியோ மேசையை விட்டுவிட்டுப் பெரிய சிஸ்டரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தேன். மேனேஜர் எழுந்து வந்து கும்பிட்டு, "நம்ம வீடு மாதிரி சிஸ்டர், ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்று பெட்டியைக் காட்டினார். பெரிய சிஸ்டர் அதன் முன்னால் போய் நின்றார். சிவப்பை அமுக்கினார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய சிஸ்டர் என் பக்கம் திரும்பி, என் கன்னத்தில் கை வைத்தார்.

"இது உனக்கு இல்லடி. உன் பக்கத்துல நிக்காத ஆளுக்கு."

எத்தனையோ வருஷத்தில் எங்கள் தளத்துக்கு விழுந்த முதல் சிவப்பு. யாரோ ஒருவர் நடந்ததை நடந்ததாகச் சொல்லிவிட்டார். அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆட்டோ வந்தது, ஏற்றிவிட்டேன். திரும்பியபோது அந்தத் தறிக்கார அம்மா பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்திருக்கிறார், முதலிலிருந்து எல்லாவற்றையும். பச்சையை அமுக்கினார். விரலை எடுக்காமல் மறுபடி அமுக்கினார், மறுபடியும்.

"மனசுல வெச்சிக்காதம்மா. ஒடம்பு முடியாதவங்க, ஏதோ கோவத்துல அமுக்கிட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு ஈடா நான் அமுக்கிட்டேன். உன் கூலியில எவனும் கைய வெக்க முடியாது."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் நிம்மதி அடைந்தேனா என்று தெரிந்துகொள்ளாமல் போக மாட்டார் போலிருந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்றேன். சிரித்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் வாசல்படி இறங்கினார்.